சின்ன மோட்டார் படகுக்கு இரண்டாவது பேட்டரி: சேர்த்துப் போடுவதா, பிரித்துப் போடுவதா?

பூலாம்பட்டி மருமகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மாமனாருக்குப் பூலாம்பட்டியில் காவிரிக் கரையில் ஒரு 18 அடி பைபர் படகு இருக்கிறது. 40 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (பின்னால் மாட்டுகிற இன்ஜின்), செல்ஃப் ஸ்டார்ட். கதவணையில் தண்ணீர் நிற்கிற நாட்களில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு நெரிஞ்சிப்பேட்டைப் பக்கம் போய்த் திரும்புவார். நான் சேலத்தில் வேலை, லீவு நாளில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

படகில் ஒரு மைக் செட் உண்டு. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீங்க, எல்லாரும் ஒரே பக்கம் சாயாதீங்க என்று சொல்வதற்காக வைத்தது. மற்ற நேரமெல்லாம் பாட்டுதான். அப்புறம் ஓரமெல்லாம் எல்இடி பட்டை, அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற பில்ஜ் பம்ப், செல்போன் சார்ஜர். எல்லாமே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுகிற அதே 65 ஏஎச் (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) கார் பேட்டரியில் ஓடுகின்றன. கூட்டமான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. கயிறு இழுத்து 40 எச்பியைக் கிளப்புவது மாமாவின் வயசுக்கு ஆகிற காரியம் இல்லை.

வீட்டில் இன்வெர்ட்டருக்கு வாங்கிய 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது. தெரிந்த லாரி எலக்ட்ரீஷியன் ஒருவர், "ரெண்டையும் சேர்த்துப் போட்டுரலாம், அரை மணி நேர வேலை" என்கிறார். போடலாமா?

சங்ககிரி வயர்மேன் எழுதியது:

தம்பி, "சேர்த்து" என்று அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று முதலில் கேளுங்கள். நம்ம பக்கம் லாரியில் கை வைத்துப் பழகியவருக்கு இரண்டு பேட்டரி என்றாலே சீரியஸ்தான் கைக்கு வரும். ஒன்றின் பிளஸ்ஸை இன்னொன்றின் மைனஸில் கொடுத்து 24 வோல்ட் எடுப்பார்கள், ஏனென்றால் லாரிக்கு 24 வேண்டும். உங்கள் அவுட்போர்டு, மைக், பம்ப் எல்லாமே 12 வோல்ட். பழக்கதோஷத்தில் சீரியஸ் கொடுத்துவிட்டால் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டி அந்த நிமிஷமே புகைந்துவிடும். அதன் விலைக்கு நாலு புது பேட்டரி வாங்கலாம்.

படகுக்குப் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ், அதாவது பேரலல். வயரைத் தொடுவதற்கு முன் இதை ஒரு காகிதத்தில் வரைந்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கடலூர் படகுத்துறை எழுதியது:

வயர்மேன் அண்ணன் சொன்னது சரி, ஆனால் பாதிதான். பேரலலாகப் போட்டு அப்படியே விட்டுவிட்டால் மருமகனுக்குப் பிரச்சினை தீராது. இரண்டு பேட்டரியும் ஒன்றாகவே இறங்கும். இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நிற்கிற படகு எட்டு மணிக்கு நிற்கும், அதுவும் இருட்டில். போதாக்குறைக்குப் பழைய பேட்டரியும் புதுப் பேட்டரியும், கார் வகையும் டியூபுலரும் நிரந்தரமாக ஒட்டிக்கிடந்தால் சோனியாக இருப்பது மற்றதையும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

படகில் இரண்டாவது பேட்டரி வைப்பதே ஸ்டார்ட்டுக்கு ஒன்றை யாரும் தொடாமல் காப்பாற்றத்தான். ஸ்டார்ட் பேட்டரி இன்ஜினுக்கு மட்டும். பாட்டு, விளக்கு எல்லாம் மற்றதில். சார்ஜ் மட்டும் இரண்டுக்கும் போக வேண்டும். அதற்கு மூன்று வழி புழக்கத்தில் இருக்கிறது.

பழைய வழி, 1, 2, இரண்டும், ஆஃப் என்று நாலு நிலை உள்ள திருகு சுவிட்ச். விலை குறைவு, எந்த ரிப்பேரும் வராது. ஆனால் அதைத் திருப்புகிறவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும். கூட்ட நேரத்தில் "இரண்டும்" என்பதில் வைத்துவிட்டுப் பயணிகளை இறக்கப் போய்விட்டால் கதை பழையபடிதான். இன்னொன்று, இன்ஜின் ஓடும்போது ஆஃப் வழியாகத் திருப்பிவிட்டால் சார்ஜிங் கரன்ட் போக இடமில்லாமல் வோல்ட் துள்ளி ரெக்டிஃபையர் (இன்ஜினின் ஏசியை டிசியாக்கிப் பேட்டரிக்குக் கொடுப்பது) போய்விடும். எங்கள் துறையில் ரெக்டிஃபையர் மாற்றுகிற வேலையில் பாதி இப்படி வருவது.

இரண்டாவது டையோடு ஐசொலேட்டர், கரன்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விடுவது. தானாகப் பிரித்துக்கொடுக்கும், ஆனால் வழியில் 0.6, 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். சின்ன அவுட்போர்டில் கிடைப்பதே 14 சொச்சம். அதிலும் இது போனால் பேட்டரி ஒருநாளும் முழுதாக நிறையாது. நான் போடச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது விஎஸ்ஆர், வோல்ட்டைப் பார்த்து வேலை செய்கிற ரிலே. இன்ஜின் ஓடி ஸ்டார்ட் பேட்டரி 13.3-இலிருந்து 13.7 வோல்ட்டுக்குள் ஏறியதும் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) தானே இரண்டையும் இணைக்கும். இன்ஜின் நின்று 12.8 பக்கம் இறங்கியதும் தானே பிரித்துவிடும். யாரும் எதையும் திருப்ப வேண்டாம். வயசானவர் ஓட்டுகிற படகுக்கு இதுதான். கூடவே அவசரத்துக்கு இரண்டையும் கையால் இணைக்க ஒரு தனி சுவிட்ச். சாதாரண நாளில் அது ஆஃபிலேயே கிடக்கும்.

குகைக்காரன் எழுதியது:

எல்லாரும் செலவு வைப்பதிலேயே இருக்கிறீர்கள். மைக் செட்டைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டால் ஒரு பேட்டரியே போதுமே. காவிரியில் போகிறவனுக்குத் தண்ணீர்ச் சத்தம் போதாதா, குத்துப்பாட்டு வேறு வேணுமா?

பூலாம்பட்டி மருமகன் எழுதியது:

அண்ணா, எனக்கும் அதே எண்ணம்தான். பாட்டு இல்லாத படகில் காலேஜ் பசங்க ஏற மாட்டேன் என்கிறார்கள் என்று மாமா சொல்கிறார். அவர் பிழைப்பு, அவரிடம் வாதாட முடியாது.

மேட்டூர்க்காரர் எழுதியது:

வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்கு போட்டுவிடலாம். ஸ்டார்ட் பண்ணுவதுதான் பேட்டரியைத் தின்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 150 ஆம்பியர் இழுக்கிறது, மூன்று விநாடி சுற்றுகிறது என்றே வையுங்கள். 450 ஆம்பியர் விநாடி. 3600-ஆல் வகுத்தால் 0.125 ஏஎச். நாள் முழுக்க இருபது தடவை ஸ்டார்ட் பண்ணினாலும் 2.5 ஏஎச்தான். உங்கள் திருடன் வேறு எங்கோ இருக்கிறான். டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டர் யாரிடமாவது வாங்கி ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்லுங்கள். சாதா கிளாம்ப் மீட்டர் ஏசி மட்டும்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

பூலாம்பட்டி மருமகன் எழுதியது:

பார்த்துவிட்டேன். மைக் செட் பாட்டு ஓடும்போது ஏறி இறங்கினாலும் சராசரி 4 ஆம்பியர். பாட்டை நிறுத்திச் சும்மா ஆனில் வைத்தாலே முக்கால் ஆம்பியர். எல்இடி பட்டை 2. பம்ப் 3, ஆனால் எப்போதாவதுதான் ஓடுகிறது. சார்ஜர்கள் 1 முதல் 2 வரை. கூட்டமான நாளில் மைக் எட்டு மணி நேரம் ஓடும். இன்ஜின் மொத்தமாக இரண்டு மணி நேரம் ஓடினால் அதிகம், அதுவும் மெதுவாகத்தான்.

மேட்டூர்க்காரர் எழுதியது:

பிடித்துவிட்டோம். மைக் மட்டும் 32 ஏஎச். சார்ஜர் ஒரு 8, விளக்கு சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்றால் 4, பம்ப் ஒன்று. மொத்தம் 45 ஏஎச் செலவு. வரவு என்ன? 40 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக்கின் புத்தகத்தில் பொதுவாக 15-இலிருந்து 20 ஆம்பியருக்குள் எழுதியிருப்பார்கள். அது முழு வேகத்தில். பூலாம்பட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகிற படகில் ஐந்து கிடைத்தால் பெரிசு. இரண்டு மணி நேரத்துக்கு 10 ஏஎச். ஆக, கூட்டமான ஒரு நாளுக்கு 35 ஏஎச் துண்டு விழுகிறது.

இதை மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: இரண்டாவது பேட்டரி என்பது இரண்டாவது தண்ணீர்த் தொட்டி, ஏற்றுகிற மோட்டார் அதேதான். சனிக்கிழமை 35 போகும், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு 35. இந்த மாதிரி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால்தான் ஆயுசு. 100 ஏஎச் போட்டாலும் இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். விஎஸ்ஆர் புண்ணியத்தில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேட்டரி ஒரு வருஷம் தாண்டாது.

வெளியிலிருந்து சார்ஜ் வந்தே ஆக வேண்டும். ராத்திரி கரையில் பிளக் பாயின்ட் இருந்தால் 10 ஆம்பியர் சார்ஜர் போதும். இல்லையென்றால் கூரைக் குழாய்மேல் 100 வாட் சோலார் ஒன்று. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 25 ஏஎச் எதிர்பார்க்கலாம். கூட்டம் சனி ஞாயிறுதானே. திங்கள் செவ்வாயில் பாக்கியை அடைத்துவிடும்.

குகைக்காரன் எழுதியது:

அதாவது மைக்கைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்கோடு நிரூபித்திருக்கிறீர்கள். நன்றி.

சேர்வராயன் காபி எழுதியது:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஏற்காட்டில் தோட்டத்துக்குள் ஒரு குளம், அதில் சின்னப் படகு. பெட்ரோல் வேண்டாம் என்று 55 பவுண்டு தள்ளுவிசை உள்ள எலக்ட்ரிக் மோட்டார் போட்டிருக்கிறேன். 100 ஏஎச் பேட்டரி ஒரு மணி நேரம் தாண்டுவதில்லை. எனக்கும் விஎஸ்ஆர் தேவையா? இங்கே மார்கழிக் குளிரில் பேட்டரி இன்னும் மோசம்.

மட்டுறுத்துநர்:

தனி இழை தொடங்குங்கள் என்று சொல்லியிருப்பேன், பதில் சின்னதாக இருக்கும் என்பதால் விடுகிறேன்.

கடலூர் படகுத்துறை எழுதியது:

தோட்டக்காரருக்கு: உங்களுக்கு ஸ்டார்ட் பண்ண இன்ஜினே இல்லை, காப்பாற்றவும் ஒன்றும் இல்லை. ஆகவே விஎஸ்ஆர் வேண்டாம். அந்த மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும், ஒரு மணி நேரம் வருவதே நல்ல பேட்டரி என்று அர்த்தம். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வயசில் இரண்டு டீப் சைக்கிள் (ஆழமாக இறக்கி ஏற்றினாலும் தாங்குகிற வகை) வாங்கி நிரந்தரமாகப் பேரலல் போடுங்கள். மோட்டாருக்குப் போகிற பிளஸ்ஸை ஒரு பேட்டரியிலிருந்தும் மைனஸை அடுத்த பேட்டரியிலிருந்தும் எடுங்கள், அப்போதுதான் இரண்டும் சமமாக இறங்கும். ஏற்காட்டுக் குளிர் பேட்டரிக்கு ஒன்றும் செய்யாது, கொஞ்சம் கொள்ளளவு குறையும், வெயில் வந்தால் திரும்பிவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் மூடிய பைபர் பெட்டிக்குள் வேகிற பேட்டரிக்குத்தான் ஆயுசு குறைவு.

பூலாம்பட்டி மருமகன் எழுதியது:

சும்மா கிடக்கிற டியூபுலரை யாருமே பேசவில்லையே. அதைப் போட்டால் காசு மிச்சம் என்று மாமா துடிக்கிறார்.

மேட்டூர்க்காரர் எழுதியது:

150 ஏஎச் டியூபுலர் ஆசிட்டோடு 50 கிலோவுக்கு மேல். உயரமும் அதிகம், சீட்டுக்கு அடியில் போகாது. வெளியே வைத்தால் யாராவது காலை வைப்பார்கள். படகு சாய்ந்து ஆடுகிறபோது மூடி ஓட்டை வழியாக ஆசிட் சிந்தும். குழந்தைகள் வெறுங்காலோடு ஏறுகிற படகு அது. வீட்டில் இன்வெர்ட்டருக்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சீல் பண்ணிய, ஆசிட் சிந்தாத ஏஜிஎம் வகை 100 ஏஎச் வாங்குங்கள், 30 கிலோ பக்கம் வரும்.

அப்புறம் இடம். உங்கள் இன்ஜின் மட்டுமே 100 கிலோ அளவுக்குப் பின்னால் தொங்குகிறது. பெட்ரோல் டேங்க், மாமா, பழைய பேட்டரி எல்லாம் அங்கேதான். புதுசையும் பின்னாலேயே வைத்தால் மூக்கு தூக்கிக்கொண்டு, மெதுவாகப் போகும்போது பின்பக்கம் தண்ணீர் மட்டத்துக்கு நெருங்கிவிடும். நடு சீட்டுக்கு அடியில், சரியாக நடுக்கோட்டில் வையுங்கள். பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தரையில் போல்ட் போட்ட பட்டையால் கட்ட வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் அசையக் கூடாது.

பெட்டிக்குக் காற்று வழி கட்டாயம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் டேங்க் இருக்கிற மூடிய அறைக்குள் பேட்டரி, ரிலே, சுவிட்ச் எதுவுமே கூடாது.

சங்ககிரி வயர்மேன் எழுதியது:

வயர் விஷயம் நம்ம ஏரியா. பின்னாலிருந்து நடு சீட்டுக்கு மூன்று மீட்டர் என்றால் போக வர ஆறு மீட்டர். 25 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் 150 ஆம்பியர் போனால் 0.63 வோல்ட் விழும், அவசரத்துக்கு ஸ்டார்ட் பண்ண இது போதும். சார்ஜுக்கு மட்டும் என்றால் 16 எம்எம் தாராளம், ஆனால் அந்த அவசர சுவிட்ச் இருப்பதால் 25 போடுங்கள். மைனஸுக்கும் அதே தடிமன். பிளஸ்ஸுக்குத் தடியாகப் போட்டுவிட்டு மைனஸுக்கு மிச்சம் கிடந்த மெல்லிசு வயரை மாட்டுகிறவர்கள் நிறைய. கரன்ட் திரும்பி வருவது அந்த வழியாகத்தான், அது சூடாகி உருகும். இரண்டு பேட்டரி மைனஸும் ஒன்றாக இணைந்தே இருக்க வேண்டும், சுவிட்ச் எதுவும் அதில் வேண்டாம்.

வயர் முனையில் மாட்டுகிற லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்காதீர்கள். எங்கள் ஊர் லாரி ஸ்பேர்ஸ் கடைகளில் ஹைட்ராலிக் கிரிம்ப் மெஷின் வைத்திருக்கிறார்கள், நீளம் சொன்னால் இரண்டு பக்கமும் லக் அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் போட்டுக் கையில் கொடுப்பார்கள். வெள்ளீயம் பூசிய செம்பு கிடைத்தால் நல்லது. நல்ல தண்ணீர்தானே, சாதாச் செம்பும் தாங்கும்.

ஃப்யூஸ்: இரண்டு பேட்டரியின் பிளஸ்ஸிலும் ஒவ்வொன்று.

கடலூர் படகுத்துறை எழுதியது:

அண்ணே, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகிற தடிவயரில் ஃப்யூஸ் போட வேண்டியதில்லை. அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி-யும் அதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. நடு ஆற்றில் ஃப்யூஸ் போய் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது அதைவிட ஆபத்து.

சங்ககிரி வயர்மேன் எழுதியது:

விலக்கு இருக்கட்டும். சீட்டுக்கு அடியில் வயர் உரசித் தோல் போய் ஷார்ட் ஆனால் அணைக்க எங்கே ஓடுவது? பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற படகில் நான் ஃப்யூஸ் இல்லாமல் வயர் இழுக்க மாட்டேன். 200 ஆம்பியர் ஏஎன்எல் ஃப்யூஸ் (பெரிய கரன்ட்டுக்கான போல்ட் வகை) மூன்று விநாடி ஸ்டார்ட்டுக்குப் போகாது.

கடலூர் படகுத்துறை எழுதியது:

சரி, ஸ்டார்ட் பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு ஒரு மீட்டர்தான், அதை இன்ஜின் கம்பெனிக்காரன் கொடுத்தபடியே விடலாம். புதுசாக இழுக்கிற நீள வயருக்கு இரண்டு முனையிலும் ஃப்யூஸ், பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள். இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் எந்தப் பக்கத்திலிருந்தும் கரன்ட் பாயும், ஒரு முனையில் போட்டது மறுமுனையைக் காப்பாற்றாது. இதற்கு ஒத்துக்கொள்கிறீர்களா?

சங்ககிரி வயர்மேன் எழுதியது:

ஒத்துக்கொண்டேன்.

கடலூர் படகுத்துறை எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. பில்ஜ் பம்ப்பை எந்த மெயின் சுவிட்சுக்கும் பின்னால் கொடுக்காதீர்கள். புதுப் பேட்டரியிலிருந்து நேராக, அதற்கென்று தனி 5 ஆம்பியர் ஃப்யூஸோடு, மிதவை சுவிட்சோடு. ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போன பிறகு மழை கொட்டினாலும் அது தானே இறைக்க வேண்டும்.

புதுப்பையன் 2கே எழுதியது:

லித்தியம் போட்டால் 100 ஏஎச் 12 கிலோதானே? முழுசாகவும் இறக்கலாம். இந்தக் காலத்தில் யார் லெட் ஆசிட் வாங்குகிறார்கள்?

மேட்டூர்க்காரர் எழுதியது:

எடை உண்மை. ஆனால் லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் நிற்கும், சில விஎஸ்ஆர் அதைப் பார்த்து இன்ஜின் ஓடுகிறது என்று நினைத்துப் பிரிக்காமலே கிடக்கும். பிரிப்பதற்காகப் போட்டது பிரிக்காவிட்டால் எதற்கு? கூடவே அது கிடைக்கிற கரன்ட்டையெல்லாம் இழுப்பதால் சின்ன அவுட்போர்டில் சார்ஜ் தயாரிக்கிற காயில் நாள் முழுக்கக் கொதிக்கும். லித்தியம் என்றால் நடுவில் டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து அடுத்ததற்கு அளவாகச் சார்ஜ் கொடுப்பது) ஒன்று வேண்டும். மருமகனின் பட்ஜெட் அது இல்லை என்று நினைக்கிறேன்.

பூலாம்பட்டி மருமகன் எழுதியது:

அது இல்லவே இல்லை. இப்போது இப்படி முடிவு செய்திருக்கிறேன்: பழைய 65 ஏஎச் பின்னால் இன்ஜினுக்கு மட்டும். நடு சீட்டுக்கு அடியில் ஏஜிஎம் 100. நடுவில் விஎஸ்ஆர், அவசர சுவிட்ச், நீள வயரின் இரு முனையிலும் ஃப்யூஸ். கூரைமேல் 100 வாட் சோலார், அது புதுப் பேட்டரிக்கு. பம்ப் நேரடி. மைக் செட்டுக்குத் தனி சுவிட்ச், பாட்டு இல்லாதபோது அந்த முக்கால் ஆம்பியரும் மிச்சம். லாரி எலக்ட்ரீஷியனுக்குப் படம் வரைந்து கொடுத்துவிட்டேன். "சீரியஸ் போடறதுக்கு நான் என்ன பைத்தியமா" என்றார், ஆனால் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம் பாக்கி. மேட்டூரில் உபரி நீர் திறந்துவிட்டால் படகு விடக் கூடாது என்று நிறுத்திவிடுகிறார்கள், சில சமயம் வாரக்கணக்கில். அப்போது பேட்டரிகளை என்ன செய்வது?

மேட்டூர்க்காரர் எழுதியது:

விஎஸ்ஆர் வாங்கும்போது இரண்டு பக்கமும் வோல்ட் பார்க்கிற வகையாக வாங்குங்கள். அப்போது சோலார் புதுப் பேட்டரியை நிறைத்து வோல்ட் ஏறியதும் ரிலே இணைந்து, ஸ்டார்ட் பேட்டரிக்கும் கொஞ்சம் போகும். படகைக் கரையேற்றிக் கட்டினாலும் வெயில் படுகிற மாதிரி நிறுத்தினால் இரண்டும் தானே நிறைந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற ரிலே என்றால் ஸ்டார்ட் பேட்டரி கிடந்து இறங்கி, தகட்டில் சல்ஃபேட் படிந்துவிடும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார், பெட்டியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். ஆடிப்பெருக்கு சமயத்தில் தண்ணீர் அதிகம் வந்தால் சோலார் பேனலை மட்டும் கழற்றி எடுத்து வைக்காதீர்கள், மற்ற எதை வேண்டுமானாலும் எடுங்கள்.

பேட்டரி சும்மா இருந்து ஒரு சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்தால் 12.7 நிறைவு, 12.2 பாதி, 11.9 என்றால் காலி. இந்த மூன்று எண்ணையும் சீட்டுப் பலகைக்கு உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள், மாமாவே பார்த்துக்கொள்வார்.

சங்ககிரி வயர்மேன் எழுதியது:

வேலை முடிந்ததும் ஒரு டெஸ்ட். இன்ஜின் நின்றிருக்கும்போது மைக்கையும் விளக்கையும் போட்டு அரை மணி நேரம் விட்டு, இரண்டு பேட்டரியிலும் மீட்டர் வையுங்கள். புதுசு மட்டும் இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே வோல்ட் காட்டினால் அவசர சுவிட்ச் ஆனில் கிடக்கிறது, அல்லது ஏதோ ஒரு வயர் தப்பான பேட்டரியில் இருக்கிறது. பிறகு இன்ஜினைக் கிளப்பிக் கொஞ்சம் வேகம் கொடுங்கள். ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷத்தில் ரிலே ‘டிக்’ என்று சேரும், இரண்டிலும் வோல்ட் ஒன்றாக ஏறும். முதல் தடவை புதுசு ரொம்பக் காலியாக இருந்தால் ரிலே சேர்ந்து சேர்ந்து பிரியும், பயப்படாதீர்கள். கடையிலிருந்து வாங்கியதும் முழுசாகச் சார்ஜ் போட்டுவிட்டே படகில் ஏற்றுங்கள்.

குகைக்காரன் எழுதியது:

அடுத்த ஞாயிறு வருகிறேன். டிக்கெட் எவ்வளவு? பாட்டு நான் சொல்வதுதான்.